எழுத்தே மருந்து: முண்டா மொழியினரின் வரிவடிவங்களும் அன்றாட எதிர்ப்பும்

முன்னுரை

ஒரு மொழிக்குப் புதிதாக வரிவடிவம் அமைக்கப்படும்போது மொழியியலார் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் மூன்று. அம்மொழியின் ஒலியன்கள் அனைத்துக்கும் குறியீடு உண்டா? ஒரு குறியீடு ஓர் ஒலியனையே சுட்டுகிறதா? கற்பதற்கும் அச்சிடுவதற்கும் அது எளிதா? இம்மூன்றும் தேவையான வினாக்களே. ஆயின், ஒடிசாவின் தென்பகுதி மலைகளில் சோரா மக்களுள் ஒரு பிரிவினர் எழுத்துகளையே தெய்வமாக வைத்து வழிபடுகின்றனர் என்னும் செய்தியை எதிர்கொள்ளும் ஆய்வாளருக்கு இவ்வினாக்கள் போதமாட்டா. அங்கே எழுத்து ஒலியின் குறியீடு மட்டுமன்று. வணங்கப்படும் பொருளும் ஆகும். அதனை உண்டாக்கியவர்களும், தாம் ஒரு கருவியைச் செய்ததாகக் கூறவில்லை; தமக்கு ஒரு காட்சி கிடைத்ததாகவே கூறினர்.

இருபதாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியப் பழங்குடி மக்களிடையே இவ்வாறு தோன்றிய வரிவடிவங்கள் பல. அவற்றுள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தின் முண்டா கிளையைச் சார்ந்த சந்தாலி, ஹோ, சோரா ஆகிய மூன்று மொழிகளின் வரிவடிவங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவை எழுந்த வரலாற்றுச் சூழலை நோக்கினால், எழுத்தில்லாதவர், சமயமில்லாதவர் என்று இரு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த மக்கள் அந்த இழிவிலிருந்து தம்மை ஆற்றிக்கொள்ளத் தேடிய மருந்தாகவே இவை விளங்கின என்பது புலனாகும். ஒலியனியல் அளவுகோலை மட்டும் கொண்டு இவற்றை மதிப்பிடுவது, மருந்தை அதன் நிறத்தைக் கொண்டு மதிப்பிடுவது போன்றதாகும். இக்கருத்தை நிறுவுவதும், அதிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்க பாடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. தாளும் கடனும்

சந்தால் மக்கள் எழுத்தை முதலில் அறிந்தது நூலின் வடிவிலன்று; கடன்சீட்டின் வடிவில். இராஜ்மகால் மலைகளின் அடிவாரத்தில் 1832-33 இல் தாமின்-இ-கோ என்னும் நிலப்பகுதி எல்லையிட்டு ஒதுக்கப்பட்டது. சந்தால்கள் அங்குக் குடியேறிக் காட்டைத் திருத்தி வயலாக்கினர். அவர்களைத் தொடர்ந்து வட்டிக்கடைக்காரரும் வணிகரும் வந்தனர். விளைச்சலுக்கு முன் கொடுத்த சிறு கடன் அறுவடைக்குப் பின் பல மடங்காகித் தாளில் நின்றது. தாளில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைக் கடன்பட்டவர் அறியார். அதனைப் படித்தவர் கடன் கொடுத்தவரே. கடனைத் தீர்க்க இயலாதவர் உழைப்பால் தீர்க்கவேண்டும் என்ற ஒப்பந்தமும் எழுத்தாகவே இருந்தது. வழக்குமன்றமும் காவலரும் அத்தாளையே சான்றாகக் கொண்டனர். வாய்ச்சொல்லே உறுதியாகக் கொள்ளப்பட்ட ஒரு சமூகத்தில், எழுதப்பட்ட சொல் வாய்ச்சொல்லைத் தோற்கடித்தது.

1855 ஜூன் 30 ஆம் நாள் போக்னாடி என்னும் ஊரில் சிதோ, கானு என்னும் உடன்பிறந்தாரின் தலைமையில் சந்தால்கள் பெருந்திரளாகக் கூடினர். 'ஹூல்' என்று அவர்கள் மொழியில் வழங்கும் கிளர்ச்சி அன்று தொடங்கியது. தாகுர் என்னும் தெய்வம் தமக்குக் காட்சி தந்ததாகவும், வானிலிருந்து தாள்கள் விழுந்ததாகவும் அவ்விருவரும் கூறினர். பிடிபட்ட தாள்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் தொடர்வண்டிப் பொறி பற்றிய பழைய நூலொன்றும், ஓர் ஆங்கிலப் பொறியாளரின் பெயர்ச்சீட்டுகளும் இருந்தனவென்று அடுத்த ஆண்டில் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழ் எள்ளலுடன் எழுதியது. வரலாற்றறிஞர் ரணஜித் குஹா 1983 இல் வெளியிட்ட உழவர் கிளர்ச்சிகள் பற்றிய நூலில் இச்செய்திக்குரிய பொருளை எடுத்துக்காட்டினார். எழுத்தறியாதார்க்கு எழுத்து என்பது ஆள்வோரின் ஆற்றல் உறைந்திருக்கும் பொருள். அதனைத் தம் தெய்வத்தின் கையிலிருந்து பெறுவது அந்த ஆற்றலையே கைமாற்றுவதாகும்.

இந்நிகழ்ச்சி பின்வரும் வரலாற்றுக்கு ஒரு முன்குறிப்பாக அமைகிறது. 1855 இல் வானிலிருந்து விழுந்த தாள் பிறருடையது. அதனைச் சந்தால்களால் படிக்க இயலவில்லை. அடுத்த நூற்றாண்டில் காட்சியில் தோன்றிய எழுத்துகளோ அவர்களுடையவை, அவர்களே படிக்கத்தக்கவை.

2. கிளர்ச்சியிலிருந்து அன்றாட வாழ்வுக்கு

முண்டாக்களிடையே தோன்றிய பிர்ஸா (1875-1900) கிளர்ச்சித் தலைவராகவே இன்று பெரிதும் நினைக்கப்படுகிறார். ஆனால் 1895 இல் அவரை நாடி மக்கள் திரண்டது முதலில் படை திரட்டுவதற்காக அன்று; நோய் தீர்வதற்காக. அவர் தொட்டால் நோய் நீங்கும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் பரவியது. சமய ஒழுக்கம், தூய்மை, நிலவுரிமை ஆகிய மூன்றையும் அவர் பிரித்துப் பேசவில்லை. 'தர்த்தி ஆபா', அதாவது மண்ணின் தந்தை, என்று அவர் பெற்ற பெயரே இதனை விளக்கும். உடல் நோயும் நில இழப்பும் ஒரே கேட்டின் இரு முகங்களாக முண்டாக்களுக்குத் தோன்றின. 1899 இறுதியில் எழுந்த 'உல்குலான்' ஒடுக்கப்பட்டது. பிர்ஸா 1900 ஜூன் 9 ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் இறந்தார். 1908 இல் சோட்டாநாக்பூர்க் குத்தகைச் சட்டம் இயற்றப்பட்டதில் அக்கிளர்ச்சியின் தாக்கம் உண்டு.

அடுத்துத் தோன்றிய இயக்கங்கள் பெரும்பாலும் வில்லேந்தவில்லை. 1914 இல் ஜத்ரா பகத் என்பவர் தொடங்கிய தானா பகத் இயக்கம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதனைப் பின்பற்றிய ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் நம்மவர்க்கு இது தனிக் கவனத்துக்குரியது. தீய ஆவிகளை ஊரைவிட்டு ஓட்டுதல், புலாலையும் மதுவையும் விலக்குதல், நிலக்கிழார்க்குக் கட்டாய உழைப்பு அளிக்க மறுத்தல் ஆகிய அனைத்தும் அதில் ஒரே ஒழுக்க நெறியாக இணைந்தன. ஆவியை ஓட்டுவதும் அடிமை வேலையை மறுப்பதும் இருவேறு செயல்களாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

மலேசியச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் 1985 இல் 'அன்றாட எதிர்ப்பு' என்னும் கருத்தை முன்வைத்தார். காலம் தாழ்த்துதல், அறியாதது போல் நடித்தல், புறங்கூறுதல் முதலிய சிறு செயல்களால் எளியோர் வலியோரை எதிர்கொள்வதை அவர் விளக்கினார். கிழக்கிந்தியப் பழங்குடியினரிடம் காணப்படும் அன்றாட எதிர்ப்பு இதனினும் சற்று வேறுபட்டது. அது மறைவாகச் செய்யப்படுவதன்று. தன்னைத் தானாகவே வைத்துக்கொள்ளும் வெளிப்படையான ஒழுகலாறு. சந்தால் ஒருவர் மற்றொருவரை 'ஜொஹார்' என்று வணங்குகிறார். ஊர்ப்புறத்தில் சால மரங்கள் நிற்கும் 'ஜாஹேர்' என்னும் தோப்பில் கோடரி படுவதில்லை. 'பாஹா' என்னும் பூவிழா நடைபெற்று அவ்வாண்டின் முதற்பூக்கள் தெய்வத்துக்குப் படைக்கப்படும் வரை பெண்கள் புதிய சாலப் பூவைக் கூந்தலில் சூடுவதில்லை. ஒரு பூவைச் சூடாமல் காத்திருத்தல் எதிர்ப்பாகுமா என்று கேட்கலாம். காட்டை மரக்கணக்காக மட்டும் கண்ட ஓர் ஆட்சியின்கீழ், காடு தமக்கும் தம் தெய்வங்களுக்கும் இடையேயான உறவு என்பதை ஆண்டுதோறும் உடலால் நினைவுகொள்வது எதிர்ப்பே எனலாம்.

இனப்பெயரிலும் இதே நிலையைக் காணலாம். 'சந்தால்' என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தம்மை 'ஹொர் ஹொபொன்', மனிதனின் மக்கள், என்றே கூறிக்கொள்வர். முண்டாக்களின் 'ஹொரோ', ஹோக்களின் 'ஹோ' ஆகியனவும் மனிதன் என்னும் பொருளுடைய இனச்சொற்களே. 'காட்டுமிராண்டி' என்று பிறர் அழைத்த காலத்திலும் அவர்கள் நாள்தோறும் தம்மை மனிதர் என்றே சொல்லிவந்தனர்.

3. சோராக்களின் சுவரும் சோனுமும்

எழுத்தும் நோய்நீக்கமும் இணைவதை மிகத் தெளிவாகக் காட்டுவது சோரா மரபு. பழைய நூல்கள் சபரர், சவரர் என்று குறிக்கும் இம்மக்களின் மொழியை 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகப் பதிவுசெய்தனர். அவர்கள் வாழும் கஞ்சம் மலைப்பகுதி 1936 வரை சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. தெலுங்கில் பேச்சுவழக்கை எழுத்துக்குக் கொண்டுவரப் போராடிய கிடுகு இராமமூர்த்தி (1863-1940) பர்லாகிமிடியில் ஆசிரியராக இருந்து சோராவைக் கற்றார். சோராக் குழந்தைகள் தம் மொழியிலேயே கற்பதற்குப் பள்ளிகள் அமைத்தார். அவருடைய சோரா இலக்கணம் 1931 இலும், சோரா-ஆங்கில அகராதி 1938 இலும் சென்னை அரசின் வாயிலாக வெளிவந்தன. முண்டா மொழியியலுக்குச் சென்னை அளித்த கொடை என்று இவற்றைக் கூறலாம்.

சோராக்களின் சமயத்தை வெரியர் எல்வின் 1955 இல் விரிவாகப் பதிவு செய்தார். 1970களில் அவர்களிடையே களப்பணி தொடங்கிய பியர்ஸ் விதெப்ஸ்கி 1993 இல் அதனை மேலும் ஆழமாக ஆராய்ந்தார். இறந்தவர் 'சோனும்' ஆகிறார். எந்த நோயால், எந்த விபத்தால் ஒருவர் இறந்தாரோ அதே துன்பத்தை உயிரோடிருக்கும் உறவினர்க்கும் அவர் தரக்கூடும். அந்நிலையில் பூசாரி மெய்ம்மறந்து அமர, அவர் வாய்வழியே இறந்தவர் பேசுகிறார். சுற்றி அமர்ந்த உறவினர் அவருடன் அழுகின்றனர், வாதிடுகின்றனர், ஏன் எங்களை விட்டுச் சென்றாய் என்று கேட்கின்றனர், பழைய பிணக்குகளைத் தீர்த்துக்கொள்கின்றனர். இவ்வுரையாடல் ஒரே நாளில் முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் நீள்வது. நாளடைவில் இறந்தவர் துன்புறுத்தும் நிலையிலிருந்து விலகி, குடியைக் காக்கும் முன்னோர் நிலையை அடைகிறார். நோயாளியின் உடலும், துயருற்ற குடும்பமும், இறந்தவரும் ஒருங்கே ஆறுதல் அடையும் முறை இது.

இம்முறையில் சுவரோவியத்துக்கும் பங்குண்டு. நோய் தந்த சோனுமுக்கு வீட்டுச் சுவரில் ஓர் இல்லம் வரைந்து கொடுக்கப்படும். செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவால் வரையப்படும் இப்படங்களில் யானையும் குதிரைவீரரும் மட்டுமல்லர்; காவலர், அதிகாரிகள், தொடர்வண்டி, மிதிவண்டி, வானூர்தி ஆகியனவும் இடம்பெற்றுள்ளதை எல்வின் காட்டினார். பூசாரிக்கு உதவும் ஆவிகளும் பெரும்பாலும் சமவெளியைச் சேர்ந்த உயர்குடியினராகவே கருதப்பட்டன. அரசரும் அலுவலரும் எழுத்தறிந்தோர். எனவே மறுவுலகிலும் ஆற்றல் அவர்களிடமே இருந்தது. நாள்தோறும் தம்மை அச்சுறுத்திய அதிகாரத்தைச் சோராக்கள் சுவரில் வரைந்து, சோறிட்டு, தமக்கு உதவும்படி பணித்தனர். சுவரில் இழுத்த கோடு அதிகாரத்தைப் பழக்கப்படுத்தியது. இதிலிருந்து எழுத்துக்கு ஓர் அடியே எஞ்சியிருந்தது.

4. காட்சியில் பெற்ற எழுத்துகள்

அந்த அடியை எடுத்துவைத்தவர் மங்கேய் கமாங்கோ. சோரா மொழிக்கு உரோமன் எழுத்தைச் சமயப்பணியாளரும், தெலுங்கு, ஒடியா எழுத்துகளைச் சமவெளியாரும் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. 1936 ஏப்ரலில் ஒடிசா தனி மாகாணமாகிச் சோரா நிலத்தின் பெரும்பகுதி அதனுள் அமைந்தது. அதே ஆண்டு ஜூன் 18 ஆம் நாள், மலையில் தவமிருந்த மங்கேய்க்கு 24 எழுத்துகள் காட்சியில் தோன்றியதாக அவரைப் பின்பற்றுவோர் கூறுவர். 'சொராங் சொம்பெங்' என்று பெயர்பெற்ற இவ்வரிவடிவத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு தெய்வத்துக்குரியது. எழுத்துகள் ஒருங்கே அமைந்த உரு 'அட்சர பிரம்மம்' என வணங்கப்படுகிறது. முன்பு சோனும்களுக்குச் சுவரில் இல்லம் அமைத்துக் கொடுத்த மக்கள், இப்போது தெய்வங்களுக்கு எழுத்தில் இல்லம் அமைத்தனர் எனலாம்.

ஹோ மொழியில் லாகோ போத்ரா (1919-1986) இதனையொத்த பணியைச் செய்தார். 'வாராங் சிதி' என்னும் வரிவடிவத்தைத் தாம் புதிதாக ஆக்கியதாக அவர் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தேவான் துரி என்பவர் கண்ட எழுத்து இது. மறைந்துபோன அதனைக் காட்சியால் மீட்டேன் என்றார். இக்கூற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் அதன் உட்பொருள் தெளிவானது. எங்களுக்கு எழுத்து இல்லாமலில்லை. இருந்ததை இழந்தோம் என்பதே அது. இல்லாமை இழிவாகும், இழப்போ துயரமாகும். துயரத்துக்கு ஆறுதல் உண்டு. இழிவைத் துயரமாக மாற்றிய அந்தச் சொல்லே மருத்துவத்தின் முதற்படி.

மூன்றனுள் பரவலான வெற்றி கண்டது சந்தாலியின் 'ஒல் சிக்கி'. மயூர்பஞ்சில் 1905 இல் பிறந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ரகுநாத் முர்மு (இறப்பு 1982) இதனை 1925 இல் உருவாக்கினார். அவரைச் சந்தால்கள் 'குரு கோம்கே' என்று போற்றுகின்றனர். அவர் எழுதிய நாடகம் ஒன்றில் பிது, சந்தன் என்னும் காதலர் எழுத்தின் வாயிலாகத் தம் உள்ளத்தை வெளிப்படுத்துகின்றனர். இவ்விருவரும் எழுத்துக்குரிய தெய்வங்களாகவும் வணங்கப்பெறுகின்றனர். 1855 இல் கடனைச் சுமந்த தாள் இங்கே காதலைச் சுமக்கிறது. எழுத்தைக் குறித்த அச்சத்தை நீக்க இதனினும் எளிய வழி இருக்க இயலாது.

5. ஒல் சிக்கியின் அமைப்பு

காட்சியில் பிறந்ததாகக் கூறப்படும் எழுத்து மொழியியல் நோக்கில் குறையுடையதாக இருக்கும் என்ற எண்ணம் எழலாம். ஒல் சிக்கி அதனைப் பொய்யாக்குகிறது. இதில் 30 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் உயிர் 6, மெய் 24. ஆறு வரிசைகளாக அமையும் இவற்றில் ஒவ்வொரு வரிசையும் ஓர் உயிருடன் தொடங்கும். அண்டை மொழிகளின் எழுத்துகளைப்போல் உயிர்மெய்க்கெனத் தனிக் குறிகள் இல்லை. உயிரும் மெய்யும் தனித்தனியே நின்று வரிசையாக எழுதப்படும்.

எழுத்துகளின் பெயரும் வடிவும் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. 'அத்' நிலவுலகையும், 'இஸ்' கலப்பையையும், 'இர்' கதிரறுக்கும் அரிவாளையும் குறிக்கும். 'ஆம்' என்னும் எழுத்து முன்னிலையாரைச் சுட்டும் மனிதனின் வடிவு; சந்தாலியில் 'ஆம்' என்பது 'நீ'. 'இஞ்' என்பது தன்னைச் சுட்டும் மனிதனின் வடிவு; அச்சொல்லின் பொருள் 'நான்'. எழுத்து கற்கும் குழந்தை தன் வயலையும் கருவியையும் தன்னையும் எதிரில் இருப்பவரையும் எழுத்தாகக் காண்கிறது.

ஒலியமைப்பில் ஒரு நுட்பம் நம் கருத்துக்குரியது. சந்தாலியில் சொல்லிறுதியில் மூச்சை அடைத்து நிறுத்தி ஒலிக்கும் வல்லொலிகள் உண்டு. உயிரில் தொடங்கும் விகுதி சேரும்போது இவை குரலுடை ஒலிகளாக மாறும். அழுதல் என்னும் பொருளுடைய வினையடியின் இறுதியில் அடைத்து ஒலிக்கும் ககரம், விகுதி ஏற்கும்போது ஆங்கில 'கோல்ட்' என்பதன் முதலொலியை ஒத்த ககரமாகிறது. உரோமன் முறையில் இவ்விரண்டையும் வெவ்வேறு குறியீடுகளால் எழுதவேண்டும். அதனால் ஒரே வினையடி இரண்டு தோற்றம் பெறும். முர்மு இவ்விரண்டுக்கும் ஒரே எழுத்தை அமைத்தார். இடம் நோக்கி ஒலி மாறும். எழுத்தும் சொல்லுருவும் மாறா. தேவையான இடத்தில் இறுதியிலும் குரலுடை ஒலியைக் காட்ட 'அஹத்' என்னும் குறி உண்டு. தமிழில் 'கல்', 'அகம்' ஆகியவற்றில் ககரம் வெவ்வேறாக ஒலித்தும் ஒரே எழுத்தால் எழுதப்படுவதை அறிந்த நமக்கு இம்முறை அயலானதன்று. ஆயின் சந்தாலியில் குரலிலாக் ககரமும் குரலுடைக் ககரமும் வேறு ஒலியன்களாதலின், குரலிலா ஒலிக்குத் தனி எழுத்தும் அங்கு உண்டு. சொல்லின் அடி சிதையாமல் காக்கப்படவேண்டும் என்ற நோக்கமே இவ்வமைப்பில் மேலோங்கி நிற்கிறது. சொல்லைச் சிதையாமல் காப்பதும் மக்களைச் சிதையாமல் காப்பதும் முர்முவின் பணியில் வேறுவேறாக இருக்கவில்லை.

6. பெயர்ப்பால் நேர்ந்த காயம்

இதுவரை கண்டது ஆறுதலின் வரலாறு. காயம் எங்கிருந்து வந்தது என்பதில் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. முண்டா மொழிகள் பலவற்றில் வழங்கும் 'பொங்கா' என்னும் சொல்லை நோக்குவோம். கதிரவனோடு இணைத்துப் போற்றப்படும் பரம்பொருள் முண்டாக்களுக்குச் 'சிங்பொங்கா'. மலை, தோப்பு, மனை, முன்னோர் ஆகிய அனைத்துக்கும் பொங்கா உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் இச்சொல் பலகாலும் 'தீய ஆவி', 'பேய்' என்றே பெயர்க்கப்பட்டது. அப்பெயர்ப்பு ஒரு முழுச் சமூகத்தையும் பேயை வணங்குவோராக்கியது. சந்தாலி இலக்கணத்தை 1873 இல் வெளியிட்ட ஸ்க்ரெஃப்ஸ்ருத், சந்தால் முதியோரின் மரபுரைகளை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்து 1887 இல் அச்சேற்றியவர். பின்வந்த பொடிங் 1932 முதல் 1936 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அகராதி இன்றும் நிகரற்றது. இப்பணிகளின் பெருமையை மறுக்க இயலாது. எனினும் 'தாகுர்' உயர்ந்த ஒரே கடவுளாகவும், பொங்காக்கள் பின்னர் வந்த வீழ்ச்சியாகவும் கொள்ளும் விளக்கம் சமயப்பணியாளரிடையே வேரூன்றியது. ஒரே தெய்வக் குடும்பத்தின் ஒருபகுதி கடவுளாகவும் மறுபகுதி பேயாகவும் பிரிந்தது.

'சோனும்' என்பதற்கும் இதே நிலை நேர்ந்தது. 'ஆவி' என்று பெயர்த்தால் உறவு மறைகிறது; 'பேய்' என்றால் அன்பு மறைகிறது. இறந்தவரைப் பற்றிய நினைவே அது என்ற கோணத்தில் விதெப்ஸ்கி அதனை விளக்க முற்பட்டார். 'ஜாஹேர்', 'சர்னா' ஆகியவற்றைக் கோயில் என்று பெயர்த்தல் எளிது, ஆனால் அங்குச் சுவரும் கூரையும் இல்லை, மரங்களே உள்ளன. தமிழில் பெயர்ப்போர்க்கு 'காவு', 'கோயிற்காடு' என்னும் சொற்கள் கைகொடுக்கும். நம் ஊர்ப்புறங்களில் தெய்வத்துக்கென விடப்பட்ட காடுகளை நினைவூட்டும் இச்சொற்கள், 'கோயில்' என்பதைவிட மூலத்துக்கு நெருங்கியவை. 'பொங்கா'வுக்கோ 'அணங்கு' என்னும் பழந்தமிழ்ச் சொல் பொருந்துமோ என்று எண்ணத் தோன்றும். அச்சமும் அருளும் ஒருங்கே உடைய ஆற்றல் என்ற அளவில் அது பொருந்தும். குடியோடு கொண்ட நெருங்கிய உறவை அது காட்டாது. ஆகவே மூலச்சொல்லை அவ்வாறே தமிழெழுத்தில் தந்து, சூழலால் பொருளை விளங்கவைப்பதே தக்கது.

அரசின் கணக்கேடும் ஒருவகை மொழிபெயர்ப்பே. ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகளில் இம்மக்களின் சமயம் 'ஆவி வழிபாடு' என்றும், பின்னர்ப் 'பழங்குடிச் சமயம்' என்றும் தலைப்பு மாறி மாறிப் பதிவாயிற்று. விடுதலைக்குப் பின்னர் அத்தனித்தலைப்பும் நீங்கியது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 'பிற சமயங்கள்' என்னும் பகுதியில் ஏறத்தாழ 49 இலட்சம் பேர் தம் சமயத்தின் பெயர் 'சர்னா' என்று தாமே எழுதச்செய்தனர். அவர்களுக்கென அச்சிட்ட கட்டம் இல்லை. எனினும் பெயரைச் சொன்னார்கள். 2020 நவம்பரில் ஜார்கண்டு சட்டமன்றம் சர்னாவுக்குத் தனிக் குறியீடு வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. கணக்கெடுக்க வருபவரிடம் ஒரு சொல்லை விடாமல் சொல்லும் செயலும், பூவைச் சூடாமல் காத்திருக்கும் செயலும் ஒரே மனநிலையிலிருந்து எழுவனவே.

7. மருந்தின் பக்க விளைவுகள்

இவ்வியக்கங்களைப் புகழ்ந்துரைத்து அமைதல் ஆய்வு நேர்மையாகாது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விலை உண்டு. எழுத்தை வழிபட்ட சோராப் பிரிவினர் மதுவையும் உயிர்ப்பலியையும் விலக்கினர். அவை விலகியபோது இறந்தவரோடு உரையாடும் பழைய முறையும் அவர்களிடையே தளர்ந்தது. சோராக்களுள் மிகப் பலர், குறிப்பாக இளைஞர், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவத்தைத் தழுவினர். அவர்கள் உரோமன் எழுத்திலேயே பாடல்களைப் படித்தனர். எழுத்தறிவும் அலுவலரை அஞ்சாது எதிர்கொள்ளும் துணிவும் அவர்களுக்கு அவ்வழியே கிடைத்தன. இறந்தவரோடு பேசுதல் நின்றபின் எழுந்த வெறுமையையும் புதிய உறுதியையும் விதெப்ஸ்கி 2017 இல் வெளியிட்ட நூல் ஒருங்கே பதிவு செய்கிறது. சொராங் சொம்பெங் இன்று ஒரு சிறு வட்டத்தினரிடமே வழங்குகிறது.

சந்தாலியிலும் எழுத்து ஒன்றுபடுத்தியதோடு பிரிக்கவும் செய்தது. ஒல் சிக்கி, உரோமன், தேவநாகரி, வங்காளம், ஒடியா என ஐந்து எழுத்துகளில் சந்தாலி எழுதப்பட்டுவந்துள்ளது. உரோமன் எழுத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலான இலக்கியச் செல்வம் உள்ளது. அதனைப் பயன்படுத்துவோரும் சந்தால்களே; அவர்களுடைய அடையாளமும் குறைந்ததன்று. 2003 ஆம் ஆண்டின் 92 ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஒருங்குறியில் ஒல் சிக்கி 2008 இலும், சொராங் சொம்பெங் 2012 இலும், வாராங் சிதி 2014 இலும் சேர்க்கப்பட்டன. குடுக் மொழிக்கு நாராயண் ஒராவோன் என்னும் மருத்துவர் அமைத்த 'தொலோங் சிக்கி'யும் 2025 இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. அறிந்தேற்பு பெருகியுள்ளது. ஆனால் 73 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் சந்தாலியிலும் பாடநூல் எந்த எழுத்தில் அமையவேண்டும் என்ற வினா ஊர்தோறும் எழுகிறது. இவ்வினாவை ஒலியன்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மொழியியலார் தீர்த்துவிட இயலாது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, முண்டா மொழிகளின் வரிவடிவ இயக்கங்கள் 1855 முதல் 1900 வரை எழுந்த கிளர்ச்சிகளின் தொடர்ச்சியாகும். களம் மாறியது, நோக்கம் மாறவில்லை. இரண்டாவது, அவ்வெழுத்துகளின் தெய்வத்தன்மை அவற்றின் மொழியியல் தகுதிக்கு மாறானதன்று. சொல்லை மதிக்கும் அதே உணர்வே ஒல் சிக்கியின் நுட்பத்துக்கும் காரணமாயிற்று. மூன்றாவது, மொழிபெயர்ப்பு நடுநிலையான செயலன்று. ஒரு சொல்லுக்கு இடும் நிகரன் ஒரு மக்களை இழிவுபடுத்தவும் இயலும், அவர்களுக்குரிய இடத்தை மீட்டுத்தரவும் இயலும்.

சோராப் பூசாரி இறந்தவரின் குரலைத் தன் வாயில் ஏற்கும்போது தன் கருத்தை அதில் கலப்பதில்லை. சுற்றியிருப்போர் அக்குரலைத் தமக்குரியவரின் குரலாக அடையாளங்காண வேண்டும். அடையாளங்கண்டால்தான் அழுகை வரும். அழுதால்தான் நோய் தீரும். பிறர் மொழியைத் தம் மொழியில் பேசவைக்கும் மொழிபெயர்ப்பாளரும் இந்த அளவுகோலை மேற்கொள்ளலாம். பெயர்த்த நூலைக் கேட்கும் சந்தாலோ, ஹோவோ, சோராவோ அதில் தம்மவரின் குரலை அடையாளங்காண இயலுமா என்பதே அப்பெயர்ப்பின் தகுதியை உறுதிசெய்யும் வினாவாகும்.